ஜி.ஐ.எஸ் படிச்சா வேலை கிடைக்குமா?

போன முறை றொசல்லைக்குப் போயிருந்தபோது மேல்லயத்துத் தம்பி ஒருவன் உயர்தரப் பெறுபேற்றோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். கணிதப் பிரிவு. பொறியியல் பீடம் கிடைக்கிற அளவுக்கு இசட் புள்ளி இல்லை என்று அவனுக்கே தெரியும்.

"அண்ணே, சப்ரகமுவ கம்பஸ்ல சர்வேயிங் சயன்ஸ்னு ஒண்ணு இருக்காமே. அதைப் போடவா? நீங்க படிச்சதும் அந்த மேப் படிப்புத்தானே. வேலை கிடைக்குமா?"

பின்னாலேயே அவனுடைய அப்பாவும் வந்தார். "படம் வரையுறதுக்கு எதுக்குப்பா நாலு வருஷம்? இப்பத்தான் போன்லயே மேப்பு இருக்கே."

இரண்டு பேருடைய கேள்வியும் நியாயமானதுதான். "கிடைக்கும், போடு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது பாதி உண்மை. டீ குடித்து முடிப்பதற்குள் சொல்ல முடியாத மீதியை இங்கே எழுதுகிறேன். பெறுபேறு வந்து கைநூலைப் புரட்டிக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற என் வயசுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நம்ம ஊரிலிருந்தே தொடங்குவோம். றொசல்ல ரயில் நிலையம் வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. வட்டவளை, இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்களில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய மண்சரிவு ரயில் பாதையையே இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுவார். திரும்பத் திரும்பப் பாதையைச் சரிசெய்தால் மட்டும் போதவில்லை. நிலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்து, அதை வடிய வைத்த பிறகுதான் மலை அடங்கியது. இந்தத் துறை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் வட்டவளையைத்தான் காட்டுவேன். ஒரு சரிவின் சாய்வு எவ்வளவு, மண் எது, மழை எவ்வளவு, நீரோட்டம் எங்கே, மேலே தேயிலையா காடா, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் ஜி.ஐ.எஸ். அதற்குத் தேவையான தகவலைச் செய்மதியிலிருந்தோ விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ எடுப்பது தொலையுணர்வு. மற்றதெல்லாம் மென்பொருள் விவரம்.

இனி வேலைக்கு வருவோம். இங்கே ரொம்பப் பேர் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். நில அளவையாளர் வேறு, ஜி.ஐ.எஸ் படித்தவர் வேறு. காணி அளந்து, எல்லைக் கல் போட்டு, சட்டப்படி செல்லுபடியாகிற வரைபடத்தில் கையெழுத்து வைக்க 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அந்தப் பாதைக்கு சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவை விஞ்ஞானப் பட்டமும், தியத்தலாவையில் இருக்கிற நில அளவை, வரைபடவியல் நிறுவகமும் உதவும். நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய திணைக்களங்களில் ஒன்று. அந்த வேலை நாளைக்கே ஒழிந்துபோகிற வேலை இல்லை. காணிச் சண்டை இருக்கிற வரைக்கும் சர்வேயருக்கு வேலை இருக்கும் என்று அட்டனில் ஒரு சர்வேயர் ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார். வளைகுடா நாடுகளிலும் கட்டுமான வேலைகளில் அளவையாளருக்குக் கேள்வி இருக்கிறது. ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் நேரடியானது: போடு.

என் கதை வேறு. நான் கலைப் பிரிவில் படித்துப் பல்கலைக்கழகத்தில் புவியியல் செய்தவன். நம்ம மலையகப் பாடசாலைகளில் கணிதப் பிரிவு இருக்கிற இடங்கள் குறைவு என்பதால் என்னை மாதிரி ஆட்கள்தான் அதிகம். புவியியல் பட்டத்துக்குள் ஜி.ஐ.எஸ், தொலையுணர்வு எல்லாம் பாடங்களாக வரும். ஆனால் அந்தச் சான்றிதழோடு காணி அளக்க முடியாது. அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக எடுக்கிறபோது அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போகலாம். அப்படிப் போன நண்பர்கள் எனக்கு உண்டு. ஒருவன் சொன்னான்: "மச்சான், செய்மதிப் படத்துல காட்டுக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் படிச்சோம். இப்ப வர்றவங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுக்குறேன்." ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது கேவலமான வேலை இல்லை. நம்ம ஆட்களுக்கு அதுவும் தேவை. ஆனால் அதே பிரதேச செயலகத்தில் எந்த லயம் எந்தச் சரிவுக்குக் கீழே இருக்கிறது என்று காட்ட ஒரு ஆள் இல்லாமல் இருக்கும்போது, அதைத் தெரிந்த ஒருவன் அங்கேயே வேறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நான் தனியார் பக்கம் போனேன். கொழும்பில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வான்படத்தைப் பார்த்து வீட்டுக் கூரைகளைச் சுற்றிக் கோடு போடுகிற வேலை. ஒரு நாளைக்கு இத்தனை கூரை என்று கணக்கு. அது முடியாவிட்டால் சம்பளத்தில் வெட்டு. முதல் மாசம் வீட்டுக்குப் போன் எடுத்து இதை விளக்கினபோது அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அப்ப அங்கயும் கிலோ குறைஞ்சா அரைப்பேர்தானா?" ஏசி அறைக்குள் உட்கார்ந்து எங்கேயோ ஒரு நாட்டில் நீச்சல் குளம் வைத்த வீடுகளைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷத்தில் அந்த வேலை போய்விட்டது. ஆளைக் குறைத்தார்கள், காரணம் பெரிதாகச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. அந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. கூகுளின் திறந்த கட்டிடத் தரவை எடுத்துப் பாருங்கள். ஆபிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் சேர்த்து 180 கோடிக் கட்டிடங்களின் எல்லைகளைக் கணினியே வரைந்து இலவசமாகப் போட்டிருக்கிறது. நானும் என் பக்கத்து மேசைக்காரரும் ஏழு பிறவி எடுத்தாலும் முடியாத கணக்கு.

அப்படியென்றால் இந்தத் துறை முடிந்ததா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள், சும்மா இருக்கிறோமே என்று, அந்த மாதிரித் தரவோடு நம்ம தோட்டத்துச் செய்மதிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பங்களா ஒரு கட்டிடம். ஃபெக்டரி ஒரு கட்டிடம். லயமும் ஒரு கட்டிடம். நீளமான ஒரு தகரக் கூரை, அதைச் சுற்றி ஒரே கோடு. இயந்திரம் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கூரை ஒன்றுதான். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பராவில் மாமியார் மருமகள் என்று இரண்டு அடுப்பு. முன்னால் இழுத்துக் கட்டின ஒத்தாப்பில் இன்னொரு குடும்பம். பங்களாவில் துரை, அவருடைய குடும்பம், வேலைக்கு இரண்டு பேர். வரைபடத்தில் இரண்டும் ஒன்று, ஒன்று.

இது வெறும் கணக்குப் பிழை இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்கிற எண்ணிக்கை நாட்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள். எத்தனை லயம் போனது என்று சொல்ல முடிந்தது. அதற்குள் அன்றைக்குக் காலையில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இவ்வளவுக்கும் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. நம்ம ஆட்கள் என்.பி.ஆர்.ஓ என்று சொல்கிற நிறுவனம். ஆய்வு இருந்தது, எச்சரிக்கை இருந்தது. அந்த எச்சரிக்கை காம்பரா வரைக்கும் வந்து, இன்னின்ன குடும்பம் இன்ன இடத்துக்கு மாற வேண்டும், அதற்குக் காணி இங்கே என்று முடியவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் இறங்கினபோதும் பலர் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அளவுகளைக் கொஞ்சம் பாருங்கள், விஷயம் இன்னும் தெளிவாகும். மண்சரிவு அபாய வரைபடங்கள் பெரும்பாலும் 1:50,000, 1:10,000 அளவுகளில் இருக்கும். பத்தடி அகலக் காம்பரா பன்னிரண்டை வரிசையாக வைத்தால் 120 அடி, ஏறக்குறைய 36 மீட்டர். 1:50,000 வரைபடத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பென்சில் முனை. இலவசமாகக் கிடைக்கிற ஐரோப்பிய செண்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். தனி வீட்டுக்காகக் கொடுக்கிறோம் என்கிற 7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அதாவது முழுசாக இரண்டு புள்ளி கூட இல்லை. இருநூறு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு கிடைக்கிற காணி, விண்வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றே முக்கால் புள்ளி! ஆகவே செய்மதி பார்த்துக்கொள்ளும் என்று விடுகிற விஷயம் இல்லை இது. யாராவது கீழே இறங்கி நடக்க வேண்டும். அந்த ஆளுக்கு வரைபடமும் தெரிந்திருக்க வேண்டும், லயமும் தெரிந்திருக்க வேண்டும்.

இதனால்தான் "வேலை இருக்கிறதா" என்கிற கேள்வியை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். வேலை இருக்கிறது, நிறைய. அதைச் செய்வதற்கான பதவிதான் இல்லை. வேலை இல்லை என்றால் வேறு துறைக்குப் போகலாம். பதவி இல்லை என்றால் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? என்னுடைய பதில் பிரதேச சபை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை காசு செலவழிப்பதற்குச் சட்டத்திலேயே தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்தின பிறகுதான் அது விலகியது. அதே வருஷம்தான் பழைய அம்பகமுவ சபையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் வந்தன. சரி, செலவழிக்கலாம். எதில்? எந்தப் பாதை தோட்டத்துடையது, எது சபையுடையது, எந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் எங்கிருந்து வருகிறது, கொழுந்து லொறி போகிற ரோட்டில் அம்புலன்ஸ் திரும்ப முடியுமா என்கிறதெல்லாம் ஒரு வரைபடத்தில் இருக்கிறதா? தோட்டத்து ஒபிசில் ஒரு பழைய வரைபடம் தொங்கும். அதில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர், ஹெக்டேர், கன்று நட்ட வருஷம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேயிலைக்குப் பதிவு பக்கா. லயம் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். மூன்று சபைக்கும் ஆளுக்கொரு ஜி.ஐ.எஸ் உத்தியோகத்தர், சம்பளம் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குக் கொடுக்கிற அதே சம்பளம்தான். புதிதாக ஆள் எடுக்கக் கூடக் காசு வேண்டாம். ஃபார்ம் நிரப்புகிற என் நண்பனை அந்த நாற்காலிக்கு மாற்றினால் போதும். தேர்தல் நேரத்தில் வந்து கும்பிடுகிறவர்களிடம் இதை ஒரு கோரிக்கையாக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. கோயிலுக்குக் கூரைத் தகரம் கேட்கிறோம்.

கம்பெனிகளும் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பும் என்று நினைக்கிறேன், ஆனால் நம்ம மேல் பாசத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புக்கு எதிரான சட்டப்படி இறப்பர் மாதிரியான பொருட்கள் எந்தக் காணியில் விளைந்தன என்று ஆள்கூறுகளோடு காட்ட வேண்டும். அமலாகிற திகதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் இறப்பருக்கு வந்தது ஒருநாள் தேயிலைக்கும் வரலாம் என்று யோசிக்கிறவர்கள் இருப்பார்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ட்ரோன் வைத்துச் செடியின் ஆரோக்கியத்தைப் பார்ப்பதும் இப்போது புதுசு இல்லை. வேலை அங்கேயும் உண்டு. ஆனால் ட்ரோன் கொழுந்தைப் பார்க்கிறதா, கொழுந்து எடுக்கிற ஆளைப் பார்க்கிறதா என்கிற கேள்வியையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன், வரிசைப்படி இல்லை.

கோடு போடுவதை மட்டும் கற்றுக்கொண்டு நிற்காதீர்கள். நான் அங்கேதான் விழுந்தேன். பைதன், தரவுத்தள மொழி இரண்டிலும் கொஞ்சமாவது கை வைக்க வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும். அதைத் திறக்கச் சொல்லித்தருவதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "நாசாவில் வேலை" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். டேராடூனில் இருக்கிற இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசப் பாடநெறிகள் நடத்துகிறது. அதே ஊரில் ஐ.நா.வோடு இணைந்த விண்வெளிக் கல்வி மையம் ஒன்று ஆசிய பசிபிக் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முதுநிலைப் பயிற்சி கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ரேடார் படியுங்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். நம்ம ஊரில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழை மேகமும்தான், சாதாரணச் செய்மதிப் படத்தை இறக்கினால் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். ரேடார் செய்மதி மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். மண் மெதுவாக நகர்வதையும் அளக்கலாம், ஆனால் செடி அடர்ந்த மலைகளில் செண்டினல்-1 மாதிரியான குறுகிய அலை தடுமாறும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செய்மதி நீண்ட அலையிலும் பார்க்கிறது, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. மலையகத்துச் சரிவுகளை அதில் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை நம்மிலிருந்து வந்தால் அவளுக்கு வேலை தேடி அலைய வேண்டி வராது. அவள் என்றுதான் எழுதினேன். "பொம்பளப் புள்ள மலைமேல ஏறி அளக்கிறதா" என்று கேட்கிற அப்பாமார், அம்மா தினமும் எந்த மலையில் ஏறிக் கொழுந்து எடுக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.

அப்புறம் சிங்களம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். திணைக்களக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் நடக்கின்றன, அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய ஆளுக்குத் தெரிந்தது தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஆள் நம்ம பிள்ளைகளில் இருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு என்று என்.பி.ஆர்.ஓ வைத்திருக்கிற கணக்கை எங்க லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். இரண்டு பேர். அதில் ஒருவர் டிவி பார்க்கிற தாத்தா.

வளைகுடாவுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். கடன் இருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊர்ப்பற்று பேச முடியாது. நானும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

தம்பி சர்வேயிங் சயன்ஸை இரண்டாவது தெரிவாகப் போட்டிருக்கிறான். முதலாவது என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. அவன் அப்பாதான் போகும்போது மடியிலிருந்து நாலாக மடித்த போட்டோ கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். அவர்களுக்கு ஒதுக்கப்போவதாகச் சொல்கிற 7 பேர்ச்சஸின் படம். "இந்த எடம் சரியில்லன்னு கீழ் லயத்து ஆளுங்க சொல்றாங்க. மேல தண்ணி ஊறுதாம். நீங்க அந்தப் படிப்புத்தானே, பாத்துச் சொல்லுங்க" என்றார். அந்தத் தாளில் நான்கு கோடும் ஒரு நம்பரும் இருந்தன. ஆள்கூறு ஒன்றும் இல்லை. கடைசிச் சொல் என்.பி.ஆர்.ஓவின் கள அறிக்கைதான், அதைக் கேட்டு எழுத வேண்டும். அதற்கு முன்னால் இடம் எது என்றாவது சரியாகக் காட்ட வேண்டுமே. சனிக்கிழமை நானும் தம்பியும் போனை எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறோம். நாலு மூலையையும், அந்த ஊற்றையும் குறித்துக்கொண்டு வர.